மகமைக் கணக்கில் மழலைகளுக்கு ஒரு பக்கம்

வணிகப் பெருமக்கள் எல்லோருக்கும் பழகிப்போன காட்சிதான். விடியற்காலை ஐந்து மணி. மண்டி வாசலில் வெங்காய லோடு வந்து நிற்கிறது. ஆண்கள் மூட்டை இறக்குகிறார்கள். பெண்கள் தரம் பிரிக்க உட்காருகிறார்கள். அவர்களோடு வந்த மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் காலிச் சாக்கை விரித்து அதன்மேல் சுருண்டு படுத்துக்கொள்கின்றன. நாம் கல்லாவுக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு அன்றைய விலையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் நம் கண்ணில் படுவதே இல்லை. மூட்டையோடு மூட்டையாக அவையும் கிடக்கின்றன.

சென்ற ஆண்டு ஒரு நாள். சரக்கு இறக்கிய லாரி பின்பக்கமாக நகர்ந்தது. சாக்குக் குவியலுக்குள் நான்கு வயதுப் பையன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தது டிரைவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்று கை காட்டிக்கொண்டிருந்த கிளீனர் கடைசி நேரத்தில் பார்த்துவிட்டார். அவர் போட்ட கூச்சலில் லாரி நின்றது. சக்கரத்துக்கும் சாக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அன்று காலை மண்டியில் யாருக்கும் வியாபாரத்தில் மனம் செல்லவில்லை.

அந்தத் தாயிடம் நாம் கேட்டோம்: "ஏம்மா, பக்கத்துத் தெருவுலதானே அங்கன்வாடி இருக்கு? பிள்ளையை அங்க விடக் கூடாதா?"

"மொதலாளி, நான் வீட்டை விட்டுக் கிளம்புறதே நாலரை மணிக்கு. அங்கன்வாடி திறக்குறது ஒன்பது மணிக்கு மேல. நடுவுல யாருகிட்ட விடுவேன்? பாதி வேலையில எந்திரிச்சுப் போனா அன்னிக்குக் கூலி போச்சு."

அவர் குறை சொல்லவில்லை. கணக்குச் சொன்னார். வியாபாரிகளான நமக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது. ஆனால் பதில் சொல்ல வாயில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் வாங்கிக் கொடுத்த மின்விசிறி

நம் மீதே ஒரு குற்றத்தைச் சொல்லிக்கொண்டு தொடங்குவதுதான் நியாயம். குழந்தைகளுக்கு நாம் ஒன்றுமே செய்யாதவர்கள் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி அதே அங்கன்வாடிக்கு இரண்டு மின்விசிறி, பன்னிரண்டு சிறு நாற்காலி, ஒரு சறுக்குமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை வழங்கினோம். பந்தல் போட்டோம், சால்வை போர்த்தினோம், படம் எடுத்து இதழில் வெளியிட்டோம். குழல்விளக்கின் மேலேயே உபயம் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற வழக்கம் நமக்குப் புதிது அல்லவே!

லாரி சம்பவத்துக்குப் பிறகு சங்கப் பொறுப்பாளர்கள் சிலர் அந்த மையத்துக்குப் போனோம். ஒரு மின்விசிறி சுற்றவில்லை. காயில் போய் எட்டு மாதம். மோட்டார் பழுதானதால் தொட்டியில் தண்ணீர் இல்லை. பழுது பார்க்கும் செலவுக்குத் தனியாகப் பணம் இல்லை என்பதால் சின்னச் சின்னச் செலவுகளை அந்த ஆசிரியையே தம் கையிலிருந்து செய்துகொண்டிருந்தார். அன்று அவர் ஒரு பக்கம் குழந்தைகளை எடை போட்டு எழுதிக்கொண்டிருந்தார். உதவியாளர் அடுப்படியில் இருந்தார். பதினெட்டுக் குழந்தைகள் தாமாக விளையாடிக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த நாற்காலி இன்னும் நல்லாத்தான் இருக்கு. உக்கார வச்சுச் சொல்லிக்குடுக்கத்தான் இன்னொரு ஆள் இல்லை" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தில் நம் தருமத்தின் குறை முழுவதும் அடங்கிவிட்டது. நாம் பொருளைக் கொடுத்தோம். தேவைப்பட்டது ஆள். பொருளை ஒருமுறை வாங்கினால் போதும். ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். விழாவுக்கு விழா கொடுக்கிற நன்கொடையால் மாதச் சம்பளம் கொடுக்க முடியாது. கடைப்பையனுக்குத் தீபாவளி போனஸ் மட்டும் கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் வேலை வாங்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

ஏன் இந்த வயதில்?

"எழுதப் படிக்கத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறதே, மூன்று வயதில் என்ன படிப்பு?" என்று நம்மில் பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். மூன்று வயதில் பாடப்புத்தகம் வேண்டியதில்லை என்பது சரியே. கதை கேட்பது, பாட்டுப் பாடுவது, புளியங்கொட்டையை எண்ணிப் பிரிப்பது, கேள்வி கேட்பது, நான்கு பேரோடு முறை வைத்து விளையாடுவது, கை கழுவிவிட்டு உண்பது ஆகியவையே அந்த வயதின் படிப்பு. ஆனால் அவற்றைச் சொல்லிக் கொடுக்க, பேச்சுக் கொடுக்க ஒரு பெரியவர் அருகில் இருந்தாக வேண்டும். சாக்கின்மேல் படுத்துக் கிடக்கும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை.

குழந்தையின் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டது ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962ஆம் ஆண்டு ஒரு சோதனை தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் 123 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் நாள்தோறும் காலையில் இரண்டரை மணி நேர மழலையர் வகுப்பு. வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்கும் போய்த் தாயிடம் பேசுவார். பிறகு அந்த 123 பேரையும் நாற்பது வயதுவரை விடாமல் கணக்கெடுத்தார்கள். மழலையர் வகுப்புக்குப் போனவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம். அவர்களின் சம்பாத்தியமும் அதிகம். வழக்கு, கைது என்று சிக்கியவர்கள் குறைவு. முதலீடு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். நாற்பது ஆண்டு பொறுத்து வட்டியோடு திரும்புகிற முதலீடு இது. வட்டி வருவது ஊருக்கு.

நம் வீட்டுப் பிள்ளைகளை மூன்று வயது நிரம்பியதும் வேனில் ஏற்றி நர்சரிக்கு அனுப்பிவிடுகிறோம். பயன் இல்லை என்று நினைத்தா அனுப்புகிறோம்? நமக்கு மூட்டை தூக்குகிறவர் பிள்ளைக்கும் அதே வயது, அதே மூளைதான்.

நம் முன்னோர் வைத்துப்போன வழி

மாதாமாதம் பணத்துக்கு எங்கே போவது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வணிகர்களாகிய நம்மிடமே பழைய வழி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மகமை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்துக்கொண்டார்கள். சரக்கும் வண்டி மாடும் தங்குவதற்குப் பாதுகாப்பான இடம் அது. பேட்டைக்கு வந்து போகிற சரக்கின்மீது மூட்டைக்கு இவ்வளவு என்று மிகச் சிறிய தொகையைப் பொதுக் கணக்கில் எடுத்து வைத்தார்கள். உறவின்முறை அதை நிர்வகித்தது. பொறுப்பு முறை வைத்து மாறும். கணக்குப் பொதுவில் வைக்கப்படும். கோயில், கிணறு, சத்திரம், பின்னாளில் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில் எழுந்தன. நாட்டுக்கோட்டை நகரத்தாரும் பர்மா, மலேயா, இலங்கை எங்கு தொழில் செய்யப் போனாலும் தங்கள் கணக்கில் கோயிலுக்கும் தருமத்துக்கும் மகமை என்று தனிப்பற்று வைத்தார்கள்.

மகமையின் நயத்தை வியாபாரிதான் முழுமையாக உணர முடியும். நன்கொடை மனத்தைப் பொறுத்தது. மகமை சரக்கைப் பொறுத்தது. வியாபாரம் நன்றாக நடந்தால் கூடுதலாகச் சேரும், மந்தமானால் தானே குறையும். பெரிய மண்டிக்காரர் அதிகம் தருகிறார், சிறு கடைக்காரர் குறைவாகத் தருகிறார். யாரும் யாரையும் பார்த்துக் கூசவேண்டியதில்லை. வீடு வீடாக நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம். எல்லாவற்றையும்விட, அது நிற்காமல் வருகிற பணம். சம்பளம் கொடுக்க அதுதான் உதவும்.

ஒரு பிடி அரிசி

விருதுநகர் அப்போது விருதுபட்டி. பொதுக் கோயிலில் நுழையவும் சமமாக நடத்தப்படவும் போராட வேண்டியிருந்த சமூகம், தன் பிள்ளைகளின் படிப்புக்கு யாரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. 1889ஆம் ஆண்டு அங்கே சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. வணிகர்களின் மகமையோடு, வீடுகளிலிருந்து பிடி அரிசியும் சேர்ந்தது. உலை வைக்கும்போது இல்லத்தரசி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார். அப்படிச் சேர்ந்த அரிசி பள்ளிக்குப் போகும். அரிசி காசாகி, காசு கல்வியானது. அந்தப் பள்ளி எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவன் தந்தையை இளம் வயதிலேயே இழந்து, படிப்பைப் பாதியில் விட்டு, மாமனின் ஜவுளிக் கடையில் வேலைக்கு நின்றான். பின்னாளில் 1954 முதல் 1963 வரை இந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த காமராசர்தான் அந்தச் சிறுவன். ஊரார் ஒரு பிடி அரிசி கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது ஊர்ப் பொதுமக்களின் நன்கொடையை நம்பியே தொடங்கினார்கள். பிறகு அரசு மானியம் வந்தது. ஊரின் பங்கும் தொடர்ந்தது. 1958 முதல் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஊராக மக்கள் பெஞ்சும் மேசையும், கட்டடமும் நிலமும், சீருடையும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் வியாபாரிகள் எத்தனையோ பேர்.

டாங்கியை விற்ற ஊர்

நம் நாட்டில் மட்டும்தானா இப்படி? இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற நகரத்துக்கு அருகே வில்லா செல்லா என்றொரு சிற்றூர். 1945ஆம் ஆண்டு வசந்த காலம். இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் அங்கே முடிந்திருந்தது. பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விட்டுப் போயிருந்தது. ஊரார் அவற்றை விற்றார்கள். குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லை எடுத்து, ஆற்று மணலைச் சுமந்துவந்து, தாங்களே கொத்து வேலை செய்து குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கட்டினார்கள். போரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் முதலில் கட்டியது மழலையர் பள்ளியை. லோரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் இதைக் கேள்விப்பட்டு சைக்கிளில் போய்ப் பார்த்தார். தம் வாழ்நாளை அந்த வேலைக்கே கொடுத்தார்.

ஆனால் நாம் கவனிக்க வேண்டிய பாடம் அதற்குப் பின்னால் இருக்கிறது. டாங்கி விற்ற பணம் கட்டடத்துக்குத்தான் ஆனது. பள்ளியை நடத்துகிற சுமையைப் பெற்றோர்கள் பல ஆண்டுகள் தாங்கவேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டு ரெஜியோ எமிலியா நகராட்சி தன் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கியது. 1967ஆம் ஆண்டு பெற்றோர் நடத்திவந்த பள்ளிகளையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஊர் முதலில் செய்து காட்டியது, விடாமல் கேட்டது, அரசு பின்னால் வந்தது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆசிரியர்கள் அந்த ஊருக்குப் போய்ப் பார்க்கிறார்கள்.

அரசு இருக்க நாம் எதற்கு?

நியாயமான கேள்வி. வரி கட்டுகிறோம், அரசு செய்யட்டும் என்று சொல்லும் அன்பர்களை நாம் குறை கூறவில்லை. அரசும் சும்மா இருக்கவில்லை. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாட்டில் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தொடங்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளையும் அதில் சேர்த்தார். இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரம் அளவில் குழந்தைகள் மையங்கள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு சனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன.

ஆனால் ஒரு மையத்தின் வேலைப் பட்டியலைப் பாருங்கள். சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்குச் சுகாதாரக் கல்வி, முன்பருவக் கல்வி என்று ஆறு சேவைகள். செய்வதற்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். ஆறாவதான படிப்புக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்? நம் கடையில் தராசு, கல்லா, கணக்கு, கொள்முதல் எல்லாம் ஒரே ஆள் பார்த்தால் என்ன கதி ஆகுமோ அதே கதிதான்.

எனவே அரசின் மையத்துக்குப் போட்டியாக நாம் இன்னொன்றைத் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. சோறும் கட்டடமும் பணியாளரும் அரசு கொடுக்கிறது. அது எட்டாத இடத்தில் நாம் கை கொடுக்கவேண்டும். நமது வீதியைப் பொறுத்தவரை அந்த இடம் எது என்பது தெரிந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணி முதல் ஒன்பதரை வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். பகலில் மையத்தில் கூட இருந்து கதையும் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுக்க ஒருவர். இவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. மாதாமாதம் கொடுத்து, மையத்தின் உள்ளே போய்ப் பார்த்து வருகிறவன் கேட்கும்போது அந்தக் கேள்விக்குக் கனம் உண்டு. காலிப் பணியிடத்தை நிரப்புங்கள், கூரையைச் செப்பனிடுங்கள் என்று அதிகாரிகளிடம் உரிமையோடு பேசலாம். வெளியே நின்று குறை சொல்பவனுக்கு அந்த உரிமை குறைவு.

ஒரு மாதிரிக் கணக்கு

கணக்கு இல்லாத பேச்சு நமக்கு ஒத்துவராது. ஒரு நடுத்தரக் கடைவீதியை எடுத்துக்கொள்வோம். தொகைகள் மாதிரிக்குத்தான். அவரவர் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

சில்லறைக் கடைகள் 80. கடைக்கு நாள் ஒன்றுக்கு 10 ரூபாய். ஒரு தேநீர்க் காசு. நாளைக்கு 800 ரூபாய், மாதம் 26 நாளைக்கு 20,800 ரூபாய். மண்டிகளில் நாள்தோறும் இறங்குகிற மூட்டை எல்லாம் சேர்த்து 400 என்று வைத்தால், மூட்டைக்கு ஒரு ரூபாய் வீதம் மாதம் 10,400 ரூபாய். மொத்தம் 31,200 ரூபாய்.

வசூல் முழுவதும் வராது என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். முக்கால் பங்குதான் வருமென்று கொண்டால் 23,400 ரூபாய்.

செலவு: இரண்டு பெண்களுக்குத் தலா 9,000 ரூபாய் வீதம் 18,000. மின்விசிறி, மோட்டார், குழாய் போன்ற பழுதுகளுக்கும் மின்கட்டணத்துக்கும் 2,500. வண்ணக்கட்டி, காகிதம், படப்புத்தகம், பாய், சோப்பு 1,500. ஆக 22,000 ரூபாய். மீதி 1,400 ரூபாய் சேமிப்பு. வேலை நேரத்துக்குத் தக்க சம்பளம்தானா, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணின் உழைப்பைக் குறைத்து வாங்குவது தருமம் ஆகாது.

இடம்? நமது சங்கக் கட்டடத்தின் கீழ்க்கூடம் மாலை ஆறு மணிவரை பூட்டியே கிடக்கிறது. விடியற்காலையில் அதைத் திறந்துவிட வாடகை எதற்கு?

கட்டடமே இல்லாத ஊர்களில் நமக்கு நாமே திட்டத்தைப் பார்க்கலாம். 1997ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி இடையில் நின்று, 2021ஆம் ஆண்டு மீண்டும் உயிர்பெற்ற திட்டம் அது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் சேர்ந்து வருகிற வியாபாரம் வேறெங்கே கிடைக்கும்? உள்ளாட்சி அலுவலகத்தில் எந்தப் பணிகளுக்குப் பொருந்தும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, தனிக் கணக்கு. சங்கத்தின் சந்தாவோடு இதைக் கலக்கக் கூடாது. தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ரசீது, ஆண்டுத் தணிக்கை. ஒவ்வொரு மாதமும் வரவு செலவைச் சங்கப் பலகையிலும் இந்த இதழிலும் போட்டுவிட வேண்டும். மகமை இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணமே ஒளிவு மறைவில்லாத கணக்குத்தான்.

இரண்டாவது, மகமை நம் பணமாக இருக்கட்டும். வாடிக்கையாளர் பில்லில் ஒரு வரி சேர்த்து வாங்குவது வேண்டாம். அது வேறு சிக்கல்களைக் கொண்டுவரும். சரக்கு கொண்டுவரும் விவசாயியின் தொகையில் பிடிப்பதும் வேண்டாம். விருப்பப்பட்டவர் மட்டும் தரட்டும். தராதவர் கடையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

மூன்றாவது, சேமிப்பு. ஆறு மாதச் சம்பளம் கையில் சேர்ந்த பிறகே ஆளை வேலைக்கு வையுங்கள். நடுவில் நிறுத்தினால் பழகிய பிள்ளை மறுபடி சாக்குக்கே திரும்பும். தொடங்காமல் இருந்ததைவிட அது கொடுமை.

நான்காவது, அனுமதி. அரசு மையத்தில் வெளியாள் வந்து சொல்லிக்கொடுக்கக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் இசைவைப் பெறவேண்டும். அந்த ஆசிரியையையும் கலந்துகொள்ள வேண்டும். அவர் தலைக்கு மேல் நாம் ஒரு முதலாளியாகப் போய் உட்காரக் கூடாது. அமர்த்துகிற பெண் அதே தெருவைச் சேர்ந்தவராக, பிள்ளைகளோடு பேசிப் பழகுகிறவராக இருந்தால் நல்லது. குழந்தைகளைப் பாதுகாக்கிற வேலை என்பதால் நன்கு விசாரித்தே அமர்த்த வேண்டும்.

ஐந்தாவது, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. தேதி முடியப் போகிற பிஸ்கட்டும், வண்டு விழுந்த பயறும் தள்ளிவிடுகிற இடம் அல்ல குழந்தைகள் மையம். நம் பேரன் வாயில் எதை வைப்போமோ அதையே அங்கும் வைக்கவேண்டும்.

ஆறாவது, கதவு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். யார் வீட்டுப் பிள்ளை, எந்த மண்டிக்காரரிடம் வேலை செய்பவர் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். நம் கடைக்காரர்களில் வசதி குறைந்தவர் பிள்ளையும் அங்கே வரட்டும்.

வருமான வரியில் கழிவு கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: அதற்குரிய பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்தால்தான் கிடைக்கும். அப்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கழிவு இல்லாவிட்டாலும் பத்து ரூபாய் பத்து ரூபாய்தான்.

"வியாபாரமே சரியில்லை, இதில் மகமை வேறா?" என்ற முணுமுணுப்பு நம் காதில் விழாமல் இல்லை. பெரிய அங்காடிகளும் கைப்பேசியில் வாங்குகிற பழக்கமும் நம்மை நெருக்குவது உண்மையே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எங்கிருந்தோ பொருளைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறவனுக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை. ஊரோடு நமக்கு இருக்கிற உறவுதான் நம் முதல். காசு கொடுத்து வாங்குகிறவருக்குக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் போட்டுப் போட்டு வளர்த்த உறவு அது. அந்தக் கொசுறில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கும் போகட்டும்.

புதுக்கணக்கு வருகிறது. பேரேட்டில் பிள்ளையார் சுழி போட்டு, லாபம் என்று எழுதித் தொடங்கப் போகிறோம். அதற்கு முன் வரும் பொதுக்குழுவில் இந்த மகமையைத் தீர்மானமாக வைக்கப் பொறுப்பாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். வந்து பேசுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் சொல்லுங்கள். கடைக்குப் பத்து ரூபாய் அதிகம் என்றால் ஐந்தில் தொடங்குவோம். ஒரு பெண்ணையாவது அமர்த்தலாம், விடியற்காலைக் கூடத்தையாவது திறக்கலாம்.

லாரியிலிருந்து தப்பிய பையனுக்கு இப்போது ஐந்து வயது. அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவான். அவனுக்கு நாம் செய்யத் தவறியது தவறியதுதான். அவன் தங்கைக்கு வயது இரண்டரை. இப்போது அதே சாக்கில் அவள் தூங்குகிறாள்.